இசக்கி சொல்லச் சொல்ல

"கமா," என்றான் இசக்கி. பெனிட்டா கமா போட்டாள். போட்டுவிட்டு, அவனுக்கும் தனக்கும் நடுவில் மேஜைமேல் கிடந்த அந்தக் கறுப்புச் சாமானைப் பார்த்தாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, ஓரத்தில் கடுகளவுக்குச் சிவப்பு விளக்கு. அது எரிகிறவரைக்கும் இந்த அறையில் யார் என்ன பேசினாலும், பேசாமல் பெருமூச்சு விட்டால்கூட, எல்லாம் அதற்குள் போய்ச் சேர்ந்துவிடும். இசக்கிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. வரலாறு மூன்றாம் ஆண்டு. அவன் சொல்லச் சொல்லப் பரீட்சை எழுதுகிறவள் அவனுக்குக் கீழ் வகுப்பாக இருக்கவேண்டும், அவன் பாடத்தைப் படிக்காதவளாகவும் இருக்கவேண்டும் என்பது விதி. அப்படித்தான் விலங்கியல் படிக்கிற பெனிட்டா போன வருஷம் இந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். மூன்று செமஸ்டர், பதினைந்து தாள். இன்றைக்குக் கடைசித் தாள். இதுவரை மேஜையில் விடைத்தாளும் பேனாவும் தண்ணீர் பாட்டிலும் தவிர வேறு ஒன்றும் இருந்ததில்லை. "எழுதிட்டியா?" என்றான். "எழுதிட்டேன்." "முற்றுப்புள்ளி வச்சுக்கோ. அடுத்த பத்தி." அவன் குரலில் ஒன்றும் இல்லை. நேற்று எப்படிச் சொன்னானோ அப்படித்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஒருத்தியைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளிவிட்டு, முற்றுப்புள்ளி வை, அடுத்த பத்தி என்று ஒரு மனுஷனால் எப்படிச் சொல்லமுடிகிறது.

காலையில் ஒன்பதேகாலுக்குத் தேர்வுப் பிரிவில் கையெழுத்துப் போடப் போனாள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் பாக்கியநாதன் அண்ணாச்சி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, "உன்னைத்தாம்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். "இன்னைக்கு உங்க ரூம்ல ஒரு ரெக்கார்டர் வைக்கப் போறோம். நீ ஒண்ணும் பயப்படாத. அவன் மனு குடுத்திருக்கான், கண்ட்ரோலர் சரின்னுட்டாரு. அவன் என்ன சொல்லுதான், நீ என்ன எழுதுத, ரெண்டையும் பொறவு ஒப்பிட்டுப் பாப்பாங்க. அவ்வளவுதான்." அவ்வளவுதான். எவன் என்று கேட்கவில்லை, மனுவைத் தேடினாள். காகிதம் அவர் கைக்குக் கீழே கிடந்தது. தலைகீழாகக் கிடந்தாலும் வாசித்துவிட்டாள்: எழுதுபவர் நான் சொல்லும் விடைகளை மாற்றி எழுதுவதாக ஐயப்படுகிறேன். வாசித்த பிறகுதான் எழுத்தைப் பார்த்தாள். உருண்டை உருண்டையாக, லகரத்துக்கு வாலைச் சுருட்டிவிட்டு, ஒவ்வொரு வரியும் கொஞ்சம் மேலே ஏறிப்போகிற எழுத்து. விடுதியில் அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கிற செண்பகாவின் எழுத்து. நேற்றுச் சாயங்காலம் வாசற்படியில் உட்கார்த்திவைத்துத் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாளே, அதே கை. "நாளைக்கு நல்லா எழுதணும் என்ன" என்று வேறு சொன்னாள். யார் நல்லா எழுதணும்? அந்தக் கேள்வியை நேற்றே கேட்டிருக்கவேண்டும். "போன தடவை அவன் விடைத்தாள் நகல் வாங்கினான் பாத்துக்கோ," என்றார் அண்ணாச்சி. "மார்க்கு கூடுதலா வந்திருக்குன்னு நகல் கேட்டவன் இந்தக் காலேஜ்ல இவன் ஒருத்தன்தான்." சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள். முகத்துக்கு வேறு வேலை தெரியவில்லை.

"ஆங்கிலேயரின் வணிகக் கொள்கை கமா உள்நாட்டுக் கைத்தொழிலை," என்று அவன் சொல்லிக்கொண்டு போகிறான், பேனா ஓடுகிறது, அவள் மட்டும் அந்த ஒரு சொல்லில் சேலை முள்ளில் மாட்டிக்கொண்டமாதிரி நிற்கிறாள். ஐயப்படுகிறேன். இசக்கி அப்படிப் பேசுகிற ஆளா? சந்தேகமா இருக்கு என்பான், டவுட்டு என்பான். ஐயப்படுகிறேன் அவன் வாயில் எங்கிருந்து வந்தது? யோசித்தபோது பிடிபட்டது. வரலாற்றாசிரியர்கள் இதனை ஐயப்படுகின்றனர். மூன்றாம் அலகு, இரண்டாம் பக்கம். அவள்தான் வாசித்தாள். அவனுக்குப் புத்தகம் என்பது அவள் குரல்தானே. விடுதி மாடியில் துணி காயப்போடுகிற இடத்தில் தண்ணீர்த்தொட்டி நிழலில் உட்கார்ந்து, செல்போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாக வாசித்து அனுப்புவாள். காக்கா கத்தினால் நிறுத்துவாள். இருமல் வந்தால் இருமிவிட்டுத் தொடர்வாள். அவன் அதைப் பஸ்ஸில் கேட்பான், குளிக்கும்போது கேட்பான், அவன் அம்மா "உன் வாத்தியாரம்மா வந்துட்டாளா" என்று கேலி செய்யும்படிக் கேட்பான். இப்போது அவன் விடை சொல்லும்போது, அவள் பக்கம் திருப்பிய இடத்தில் அவனும் அரை மூச்சு நிறுத்துகிறான். அவள் எச்சில் விழுங்கிய இடத்தில் அவனும் விழுங்குகிறான். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படித் தன் மூச்சைக் கொடுத்திருப்பார்களா என்று தெரியவில்லை. அந்த மூச்சை வாங்கிக்கொண்டு, அதிலிருந்தே ஒரு சொல்லை உருவி, அதை அவள் கூட்டுக்காரியின் கையில் கொடுத்து, அவள்மேலேயே மனு எழுத வைத்திருக்கிறான். "என்ன புள்ள, நின்னுட்ட?" என்றான். பேனா நின்றதுகூட அவனுக்குக் கேட்கும். "இல்ல. சொல்லுங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாடசாமி சார் செய்தித்தாளை மடித்துவிட்டு, "சொல்றத மட்டும் எழுதும்மா, பேச்சு வேண்டாம்" என்றார். காலையில் ரெக்கார்டரை வைக்கும்போதே விதியைச் சொல்லியிருந்தார். எழுதுகிறவள் தானாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாது, கேட்டால் கேள்வியையும் எழுதினதையும் வாசித்துக் காட்டலாம், அதற்குமேல் விடையைப் பற்றி ஒன்று பேசினாலும் அவன் தாள் ரத்து, அவளுக்கு ஒரு வருஷம் பரீட்சை கிடையாது. அவர் வேதியியல்காரர், கெட்டவர் இல்லை. போன மாசம் கல்லூரி ஆண்டு விழாவில் முதல்வர் அவளுக்குச் சால்வை போர்த்தியபோது இதே மாடசாமி சார் முன்வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. பார்வையற்ற மாணவருக்குக் கண்ணான மாணவி. அப்பா அதை வெட்டிப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். இசக்கியிடம் அந்தச் செய்தியை அவளே வாசித்துக் காட்டினாள். தலைப்பில் கண்ணான என்பதை மட்டும் விட்டுவிட்டு வாசித்தாள், ஏன் என்று இப்போதும் தெரியவில்லை. "என் பேரு போட்டிருக்கா?" என்றான். "இல்ல." "ம்." அந்த ம் அன்றைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது. இன்றைக்கு அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அடியில் என்னென்னமோ ஒட்டியிருக்கிறது.

ஆனால் அவள் என்ன செய்துவிட்டாள்? நாலு பேர் நடுவில் நிறுத்திக் கேட்டால்கூடச் சொல்வாள். முதல் தடவை, பிளாசிப் போர் ஆயிரத்து எழுநூற்று அறுபத்துநாலு என்று சொன்னான். அறுபத்துநாலு பக்சார். பிளாசி ஐம்பத்தேழு. அவனுக்கும் தெரியும், பதற்றத்தில் நாக்கு மாறிவிட்டது. அவள் கை ஐம்பத்தேழு என்று எழுதிவிட்டது. தெருவில் ஒருத்தன் கால் இடறினால் பிடிக்கமாட்டோமா? அப்படித்தான். அடுத்த தாளில் ஒரு பெயர். அதற்கடுத்ததில் அவன் விட்டுப்போன ஒரு காரணம், அவன் சொன்ன நாலோடு ஐந்தாவதாக. அப்புறம் அவன் சுற்றிவளைத்துச் சொன்னதை நேராக்கி ஒரு பத்தி. அவன் பேசிக்கொண்டே இருப்பான், அவள் கேட்டுக்கொண்டே வேறு எழுதிக்கொண்டிருப்பாள். அவன் முகத்துக்கு முன்னாலேயே, ஒன்றரை அடி தூரத்தில். அவன் தலையைச் சாய்த்துப் பேனா ஓடுகிற சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொள்வான், தான் சொன்னதெல்லாம் காகிதத்தில் இறங்குகிறது என்று. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டேதான் எழுதினாள். அது நல்லது இல்லையா? முதல் வருஷம் எழுத வந்த பையன் பாதிக் கேள்வியோடு எழுந்து போய்விட்டான், அந்தப் பள்ளத்தைத் தூர்க்கவேண்டாமா? இந்தத் தாளில் அறுபது வந்தால்தான் மொத்தத்தில் ஐம்பது சதவீதம் தொடும், தொட்டால்தான் பி.எட். கிடைக்கும், கிடைத்தால்தான் வாத்தியார் வேலை. "கிளாஸ்ல ஒரு பய சத்தம் போட முடியாது, நாற்காலி நகர்ற சத்தத்துலயே யாருன்னு சொல்லிருவேன்" என்பான். அந்த நாற்காலிக்கு அவனைக் கொண்டுபோய் உட்கார்த்திவிடலாம் என்று பார்த்தாள். உட்காரப் போகிறவனே கையைத் தட்டிவிட்டான். தப்பாய்ச் சொன்னதற்கு மார்க் எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறான். யோசித்தவன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நேராகக் கேட்டிருந்தால் ஆமா என்றிருப்பாள். இருப்பாளா?

"அடுத்த கேள்வி வாசி." அது அனுமதி உண்டு. வினாத்தாளைத் தூக்கிப் பிடித்தாள். "பதினெட்டு. நிரந்தர நிலவரித் திட்டத்தின் கூறுகளை விவரித்து அதன் விளைவுகளை எடுத்துரைக்க. பத்து மதிப்பெண்." எந்தக் கேள்வி வரக்கூடாது என்று காலையிலிருந்து நினைக்காமலே நினைத்துக்கொண்டிருந்தாளோ, அது வந்து வாசலில் நிற்கிறது. "ஆ, இது நல்லா தெரியும்," என்றான் இசக்கி. நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணாடி இல்லாத கைக்கடிகாரத்தின் முள்ளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நேரம் தாராளமாக இருந்தது.

அந்தப் பாடத்தை மாசியில் வாசித்தாள். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு மாடிக்குப் போய், ஒரு கையில் சோறும் ஒரு கையில் புத்தகமுமாக இருந்தபோது புளிக்குழம்பு சிந்தி ஓரம் ஒட்டிக்கொண்டு ஒரு தாள் அப்படியே மறைந்துபோயிற்று. ஜமீன்தார்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பக்கத்தின் கடைசி வரியிலிருந்து நேரே, விவசாயியே நேராக அரசுக்கு வரி கட்டுகிற மன்றோவின் ரயத்துவாரித் திட்டத்தின் நடுவரிக்குத் தாவிவிட்டாள். குரலில் தடங்கலே இல்லை. அந்தப் பதிவை இசக்கி கேட்டான். கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து, பஸ் நிறுத்தத்தில் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டான்: "ஏ புள்ள, வரிய ஜமீன்தார்தான கட்டணும்? அப்புறம் விவசாயி எப்படி நேரா கவருமெண்டுக்குக் கட்டுவான்? இடிக்கே." பஸ் வந்துகொண்டிருந்தது. அவளிடம் புத்தகம் இல்லை. "புக்குல அப்படித்தான் போட்டிருக்கு," என்றாள். "புக்குல இருக்கா, அப்ப சரி," என்றான். தன் புத்தி இடிக்கிறது என்று சொன்னதை அவள் ஒரு வார்த்தைக்காகக் கீழே போட்டுவிட்டுப் பஸ் ஏறினான். மறுநாள் புத்தகத்தைத் திறந்தாள், தாளைப் பிரித்தாள், பார்த்தாள். செல்போனைக் கையில் எடுக்கவும் செய்தாள். ஒரு பக்கம் வாசித்து அனுப்ப எத்தனை நேரம் ஆகும்? அஞ்சு நிமிஷம். அப்போது மனசு சொன்னது, அலட்சியமாக, ஈரத்துணியை உதறிக் கொடியில் போடுகிறமாதிரி: இருக்கட்டும், பரீட்சையில எப்படியும் நான்தான எழுதப்போறேன், அன்னைக்குச் சரியா எழுதிக்கிடலாம். அவன் தெரிந்துகொள்வது எதற்கு? தாளில் சரியாக இருந்தால் போதாதா? இதை அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடமே சொன்னதில்லை. இப்போது அந்தச் சிவப்பு விளக்குக்கு முன்னால் அது தானாக எழுந்து நின்றது.

"ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்றில் காரன்வாலிஸ் பிரபு வங்காளத்தில் கமா," என்று இசக்கி ஆரம்பித்தான். சரி. "ஜமீன்தார்கள் நிலத்தின் உரிமையாளர்களாக அங்கீகரிக்கப்பட்டனர் முற்றுப்புள்ளி." சரி. ஒவ்வொரு வரியும் சரியாக வந்து உட்கார உட்கார அவளுக்கு நெஞ்சு இடித்தது, அந்த முனையில் தண்டவாளம் கழன்றிருப்பது தெரிந்தவள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறமாதிரி. ஒரு இருமல் போதும். ஒரு நீண்ட மூச்சு போதும், அவள் மூச்சை அவ்வளவு படித்தவன் நிறுத்தி யோசிப்பான். ஆனால் அந்த மூச்சும் பதிவாகும், நாளைக்கு ஏழு பேர் உட்கார்ந்து அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்பார்கள், சைகை என்பார்கள், தாள் ரத்து. மாற்றி எழுதினால்? ஒப்பிடுவார்கள், ரத்து. அப்படியே எழுதினால் தப்பு, அதுவும் அவன் தப்பு இல்லை, அவள் தப்பு, அவன் பேரில். மாட்டிக்கொண்டவள் நான்தானே, என்னைத்தானே கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று முதலில் அழுகையாக வந்தது. இவன் மட்டும் இந்த மனுவைக் கொடுக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் கண்ணை மூடிக்கொண்டு காப்பாற்றியிருப்பேனே, காப்பாற்ற வந்த கையைக் கட்டிவிட்டானே, பாவி. அழுகை பாதியில் நின்றது. எதிலிருந்து காப்பாற்றியிருப்பாள்? தான் வெட்டிவைத்த குழியிலிருந்து. வெட்டினதும் அவள், மூடாமல் விட்டதும் அவள், கை கொடுக்கப் போகிறவளும் அவளே, சால்வையும் அவளுக்கே. அந்த நகலையும் செண்பகாதான் அவனுக்கு வாசித்திருக்கவேண்டும், அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். எந்த மரத்தடியிலோ அவன் உட்கார்ந்து, தன் பேரில் இருக்கிற விடைகளைக் கேட்டிருப்பான். தான் சொல்லாத வரி, தான் சொல்லாத வரி, இன்னும் ஒன்று. வீட்டுக்குள் வேறு யாரோ குடியிருக்கிற சத்தத்தைக் கேட்டவன்மாதிரி இருந்திருப்பான். அவனும் அன்றைக்கு நகத்தைக் கடித்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றுதான் நினைத்திருப்பானா?

"குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரி செலுத்தாத ஜமீன்தார் தம் உரிமையை இழந்தார் முற்றுப்புள்ளி," என்றான். அரை மூச்சு நிறுத்தினான். அவள் பக்கம் திருப்பிய இடம். "இதனால் கமா ஒவ்வொரு விவசாயியும் இடையில் எவருமின்றி அரசுக்கே நேரடியாக வரி செலுத்தினார் முற்றுப்புள்ளி." அவள் குரலில், அவள் இழுப்போடு, தடங்கலே இல்லாமல் சொன்னான். பேனா காகிதத்துக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில் நின்றது. மின்விசிறி ஒரு சுற்று சுற்றிற்று. இதனால் என்று எழுதினாள். கமா போட்டாள். ஒவ்வொரு விவசாயியும். எழுத எழுத அவளுக்கே புதிதாக இருந்தது, இத்தனை தாள் எழுதியவள் இன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு வரி எழுதுகிறமாதிரி, ஒவ்வொரு எழுத்தும் கனத்தது. முற்றுப்புள்ளி வைத்தாள். "அந்தப் பத்திய ஒரு தடவ வாசி புள்ள," என்றான் இசக்கி. வாசித்தாள். மாடியில் வாசித்த அதே குரலில்தான் வாசிக்க முடிந்தது, வேறு குரல் அவளிடம் இல்லை. கேட்டு முடித்து, "ம், அதான்," என்று தலையாட்டினான். "இதன் விளைவுகள்னு போட்டு அடிக்கோடு போட்டுக்கோ."

இரண்டு மணிக்கு மாடசாமி சார் தாளை வாங்கி, சிவப்பு விளக்கை அணைத்து, இரண்டையும் ஒரே உறையில் போட்டு ஒட்டினார். "ரெண்டு பேரும் பிரச்சினை இல்லாம முடிச்சிட்டீங்க," என்றார். வெளியே வராண்டாவில் வெயில் தூண்வரைக்கும் வந்திருந்தது. இசக்கி வழக்கம்போலக் கையை நீட்டினான், அவள் முழங்கையைக் கொடுத்தாள். பத்தடி நடந்திருப்பார்கள். "இன்னைக்குத்தான் புள்ள நானே எழுதின மாதிரி இருந்துச்சு," என்றான். குரல் இளகிப்போயிருந்தது. "நீ நெனச்சா மாத்தாம எழுத முடியும்னு எனக்குத் தெரியும். தேங்ஸ்." மூன்று செமஸ்டரில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னது இதுதான் முதல்தடவை. இதற்குத்தானா என்று இருந்தது அவளுக்கு. "மனு குடுக்கப் போறத எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா," என்றாள். "சொன்னா நீ அழுவ. நீ அழுதா நான் குடுக்கமாட்டேன்." கொஞ்சம் நடந்துவிட்டு, "செண்பகாவ ஒண்ணும் சொல்லாத, நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினா," என்றான். "ஒரு எழுத்து மாத்தல," என்று சேர்த்துக்கொண்டான், கொஞ்சம் கிண்டலாக. கோபிக்கலாமா என்று பார்த்தாள். கோபம் வந்தது, வந்து நிற்க இடமில்லாமல் போயிற்று. பேசாமல் இருந்துவிட்டால் இவன் இதே இளகலோடு பஸ் ஏறிவிடுவான். மார்க் வரும்போது குறையும், எங்கே போயிற்று என்று தெரியாது, கேள்வி கஷ்டம் என்று நினைத்துக்கொள்வான். அவனுக்கு எது தெரியவேண்டும் எது தெரியவேண்டாம் என்று மறுபடியும் அவளே முடிவு செய்துகொண்டிருப்பது அப்போதுதான் உறைத்தது.

"நிரந்தர நிலவரி தப்பு," என்றாள். "விவசாயி நேரா கட்டினது அதுல இல்ல. அது மன்றோ. ரெண்டு பக்கம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, நான் தாண்டி வாசிச்சுட்டேன். மறுநாளே தெரியும். பரீட்சையில நானே மாத்தி எழுதிக்கிடலாம்னு விட்டுட்டேன்." ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள், நிறுத்தினால் அழகாகச் சொல்லத் தோன்றிவிடும் என்று பயந்து. இசக்கி நின்றான். முழங்கையிலிருந்து அவன் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. மடக்கி வைத்திருந்த கம்பைப் பையிலிருந்து எடுத்து, உதறி நீட்டி, தரையைத் தொட்டுப் பார்த்தான். "எத்தன மார்க்கு?" "பத்து." வாய்க்குள்ளே எதையோ கூட்டினான். கூட்டி முடித்த முகத்தில் அறுபது வருமா வராதா என்று ஒன்றும் தெரியவில்லை. படிக்கட்டில் கம்பை வைத்து ஒரு படி இறங்கினான், இரண்டு இறங்கினான். போகிறான், போகட்டும் என்று நின்றாள். மூன்றாவது படியில் திரும்பாமலே கேட்டான்.

"வேற எங்கெல்லாம்?"

சத்தமாகக் கேட்கவில்லை. ஆனால் அவன் படித்தது, பஸ்ஸில் கேட்டது, குளிக்கும்போது கேட்டது, நாளைக்கு ஒரு வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்று சேர்த்து வைத்திருந்தது எல்லாம் அந்த மூன்றாவது படியில் அவனோடு நின்றது. பெனிட்டாவுக்குத் தெரிந்து மூன்று இடம் உண்டு. இரண்டாம் அலகில் ஒரு வருஷம், நாலாம் அலகில் களைப்பில் விட்டுவிட்ட கடைசிப் பத்தி, அப்புறம் வாசிக்க வராமல் தானாக மாற்றிச் சொன்ன ஒரு பெயர். ஒவ்வொன்றாகச் சொன்னாள், பக்கத்தோடு, எந்த மாசம் வாசித்தது என்பதோடு. சொல்லி முடித்தாள். முடித்த பிறகும் அவன் நகரவில்லை. மிச்சத்தையும் சொல்லட்டும் என்று, காதை அவள் பக்கமாகச் சாய்த்தபடியே நின்றுகொண்டிருந்தான்.